உபதேசியாரின் காயம்

வேதத்துக்கு ஒரு மணம் உண்டு என்றே சிறு வயதில் நான் நம்பியிருந்தேன். மிளகும் உள்ளிப்பூண்டும் கலந்த மணம்.

கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்போம். எங்களூர் முழுக்கச் சைவம். புகையிலைத் தோட்டமும் வைரவர் கோயிலுமாக இருந்த ஊர். சனிக்கிழமை பின்னேரங்களில் மிஷன் உபதேசியார் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, சந்தி ஆலமரத்தடியில் ஆர்மோனியப் பெட்டியைத் திறப்பார். திறந்ததும் அந்த மணம் குப்பென்று வரும். முன்வரிசையில் குந்தியிருக்கும் நாங்கள் ஆளுக்கொரு தும்மல் போடுவோம். அதற்குப் பிறகுதான் பாட்டு.

பாட்டுக்கு ஆள் இருக்கும். பிரசங்கம் தொடங்கியதும் பெரியவர்கள் மெல்லக் கழன்றுவிடுவார்கள். அவர் தரும் படக்கார்ட் கைக்கு வந்ததும் நாங்களும் பறந்துவிடுவோம். மனிதர் அசரவே மாட்டார். ஆலமரத்துக்கும், அதில் கட்டியிருக்கும் ஆடுகளுக்கும் மிச்சப் பிரசங்கத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார். எத்தனையோ வருடமாக வந்தும் எங்களூரில் ஒரு தலைகூட அவர் பக்கம் சாயவில்லை. "உவருக்கு வேறை வேலையில்லை" என்பார் அம்மா.

பக்கத்து ஊரில் பெண்களுக்கென்று மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றும் இருந்தது. வெள்ளைக்கார டொக்டர் அம்மா ஒருவர் அதை நடத்தினார். கைராசிக்காரி என்று பெயர். ஆனாலும் எங்களூர்ப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்கு அங்கே போவதில்லை. போன ஒருத்தியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடிவந்துவிட்டாள். மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயமெல்லாம் இரண்டாம் பட்சம். அங்கே பாண் என்கிற ரொட்டியும் பாலும்தான் கொடுத்தார்களாம், காயம் கொடுக்கவில்லையாம்!

பிள்ளை பெற்றவளுக்குத் துடக்கு, அதாவது தீட்டு, கழியும்வரை கொடுக்கும் சரக்குருண்டையைத்தான் எங்களூரில் காயம் என்போம். வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மிளகு, உள்ளி, மஞ்சள் எல்லாம் அம்மியில் மையாய் அரைத்து, பனங்கட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டி உருட்டுவார்கள். அது வயிற்றுக்குள் போகாவிட்டால் சன்னி வந்து சாவாள் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

அப்படியிருக்க, என் சின்னம்மாவுக்கு, அதாவது அம்மாவின் ஒரே தங்கைக்கு, முதற்பிள்ளை குறுக்கே கிடந்துவிட்டது. மருத்துவிச்சி கையை விரித்தாள். அப்பா மறுபேச்சில்லாமல் வண்டிலைப் பூட்டினார். ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. அவன் அழுத அழுகையில் வெளியே நின்ற மாடு வெருண்டது.

சனியன் அத்தோடு விட்டதா? சின்னம்மா பாணைத் தொடவில்லை. பாலைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். வெளியிலிருந்து ஒரு பருக்கையும் உள்ளே வரக்கூடாதென்பது டொக்டர் அம்மாவின் கண்டிப்பான சட்டம். நாளுக்கு நாள் சின்னம்மா பாயோடு பாயாகிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறப்பாள்.

ஒரு காலை அம்மா காயம் அரைத்து, ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு நேரே டொக்டர் அம்மாவிடமே போய்விட்டார். நான் அவர் சேலையைப் பிடித்தபடி பின்னால் போனேன். டொக்டர் அம்மா தமிழை வேதப் புத்தகத்திலிருந்து படித்தவர்.

"என்ரை தங்கச்சிக்குக் காயம் குடுக்க விடுங்கோ அம்மா. இல்லாட்டி அவள் செத்துப்போவாள்."

டொக்டர் அம்மாவின் முகம் மாறியது. "இந்த ஸ்திரீயின் வயிற்றில் நான் பெரிய காயம் உண்டாக்கியிருக்கிறேன். அது ஆறவேண்டும். இன்னொரு காயம் எதற்கு?"

"ஒண்டு காணாது. துடக்குக் கழியுமட்டும் ஒவ்வொரு நாளும் குடுக்க வேணும்."

"தினந்தோறும் காயமா!"

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் குடுத்தவை. உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் நானே வந்து தருவன்."

கல்யாணமே செய்யாத டொக்டர் அம்மா ஓலைப்பெட்டியைப் பார்த்தபடி பின்வாங்கினார். உள்ளே கத்தி இருக்கிறதென்று நினைத்தாரோ என்னவோ. தாதிமார் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தார்கள். டொக்டர் அம்மாவின் தமிழைத் திருத்தும் துணிச்சல் அவர்களுக்கு ஏது? அம்மாவுக்கோ பொறுமை போய்விட்டது. வண்டிலைக் கொண்டுவரச் சொல்லி அப்பாவுக்குக் குரல் கொடுத்தார். வண்டிலில் குலுங்கினால் தையல் பிரிந்து வழியிலேயே மரிப்பாள் என்று டொக்டர் அம்மா வாசலை மறித்து நின்றார். இரண்டு பேரும் கத்தியது சின்னம்மாவின் உயிருக்காகத்தான். நடுவில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

அந்த நேரம் பார்த்து, கட்டில் கட்டிலாக ஜெபம் பண்ண உபதேசியார் வந்தார். வழக்கைக் கேட்டார். அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது வெட்டுகிற காயமில்லை, தின்கிற காயம் என்று விளங்கப்படுத்தினார். டொக்டர் அம்மா இளகவில்லை.

"உம்முடைய மனைவி இதைப் புசித்தாளா? பாணும் பாலுமே புசித்தாள். எவ்வளவு திடமாக இருக்கிறாள்!"

உண்மையில், வருகிற பெண்களுக்கெல்லாம், அங்கேயே பிள்ளை பெற்ற உபதேசியாரின் மனைவியைத்தான் அவர் உதாரணம் காட்டுவாராம். உபதேசியார் தலையைக் குனிந்தார்.

"அவளும் திண்டவள்தான் அம்மா. அஞ்சு பிள்ளைக்கும் திண்டவள். நான்தான் உந்த ஆர்மோனியப் பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டுவந்து குடுத்தனான்."

எனக்கு மட்டும் சிரிப்பு வெடித்தது. தும்மலின் மர்மம் துலங்கிவிட்டதே! அம்மா தொடையில் நுள்ளிவிட்டார். ஆஸ்பத்திரிச் சட்டத்தை மீறிய மிஷன் ஆளுக்குச் சீட்டுக் கிழியும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

டொக்டர் அம்மா ஓலைப்பெட்டிக்குள் கையை விட்டு ஓர் உருண்டையை எடுத்து, முகர்ந்து, முழுசாக வாயில் போட்டுவிட்டார். ஐயோ பாவம்! முகம் பழுத்த மிளகாய் நிறமானது. கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. ஆனாலும் மென்று விழுங்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"கொடுங்கள். ஆனால் பாலையும் அவள் குடிக்க வேண்டும்."

சின்னம்மா இரண்டையும் விழுங்கினாள். அன்று பின்னேரமே பசிக்கிறது என்றாள். பசிக்கிறது என்ற சொல்லைக் கேட்டு ஒரு குடும்பமே அழுததை அன்றுதான் பார்த்தேன். துடக்குக் கழிந்து, பிள்ளையோடு, நடந்தே வந்து வண்டிலில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டு அடுப்பும் அம்மியும் வைத்தார் டொக்டர் அம்மா. காயத்தை அவரவர் வீட்டுக்காரரே வந்து அரைக்கலாம். பிறகென்ன, எங்களூர்ப் பெண்கள் வரிசையில் போனார்கள். கட்டில் போதாமல் விறாந்தையிலும் பாய் விரித்தார்களாம்.

சின்னம்மா வீடு வந்து சில மாதங்களுக்குப் பின் ஒரு சனிக்கிழமை, அம்மா எங்களையும் இழுத்துக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போனார். பார்த்தால் ஊரே அங்கே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் பெற்ற பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிரசங்கத்துக்கும் ஒருவர் அசையவில்லை. "பாடுங்கோ உபதேசியார், இன்னொண்டு பாடுங்கோ" என்று அம்மாவே கேட்டார். அவர் பெட்டியில் கையை வைத்தார், பாட்டு வரவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "மிளகு ஏறிப்போச்சு, தண்ணி குடுங்கோ!" என்று நான் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

ஒரு பலனும் காணாத எங்களூருக்கு அன்றோடு வருகையை நிறுத்திவிடு என்று மிஷனில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். விடைபெறத்தான் வந்திருக்கிறார். அதைச் சொல்லாமலே போய், அடுத்த சனிக்கிழமையும் வந்தார். தலை நரைத்து ஓயும்வரை வந்தார். கடைசிவரை எங்களூரில் ஒருவரும் வேதத்தில் சேரவில்லை. ஆனால் அவருடைய பாட்டுத் தெரியாத வீடு கிடையாது.

இன்னொன்றும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. ஒளிக்க வேண்டிய தேவை போனதும் அவர் மனைவி அந்தப் பெட்டியைத் தேய்த்துத் துடைத்து வெயிலில் காயவைத்துவிட்டாராம். மிளகு ஏறிப்போச்சு என்று நான் கத்திய அன்று, பெட்டி திறந்தபோது முன்வரிசையில் நாங்கள் ஒருவரும் தும்மவில்லை.