கமரா வாங்கித் தந்த காரணம்

நான் எடுத்த படங்களில் கடல் எப்போதும் இடது பக்கம் சரிந்து நின்றது. ஒன்றிரண்டு படம் என்றால் கை தவறியது என்று விடலாம். பிலிம் ரோல் முழுக்க அப்படித்தான். ஒக்லண்டில் எங்கள் பகுதியான நியூ லின்னில் படம் கழுவிக் கொடுக்கும் கடைக்காரர், வள்ளத்தில் இருந்து எடுத்தீர்களா என்று மிக மரியாதையாகக் கேட்டார். மாலை வகுப்பில் கடலைப் படமெடுக்கச் சொல்லித்தந்த ஆசிரியை, கமராவை நிறுத்த மூன்று கால் ஸ்டாண்ட் ஒன்று வாங்கச் சொன்னார். வாங்கினேன். அப்போதும் சரிந்தது. ஸ்டாண்டின் ஒரு கால் கட்டை என்று நான் சொல்ல, அதற்காகவே காத்திருந்தவர்போல என் கணவர், "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" என்றார். அன்றிரவு அவரே சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அது தெரிந்தும் சீண்டாமல் இருக்க அவரால் முடியாது.

படம் ஏன் சரிகிறது என்று கண்டுபிடித்தவர், மகளின் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ.

மகளுக்குப் பிறக்கும்போதே ஒரு பக்க இடுப்பு மூட்டு குழிக்குள் பொருந்தி இருக்கவில்லை. ஒக்லண்டுக்கு வந்த பிறகுதான் ஒப்பரேஷன் செய்து, நெஞ்சுக்குக் கீழிருந்து கால்வரை பிளாஸ்டர் போட்டார்கள். நாலு வயது தாண்டும்வரை அவள் இருந்தது என் இடது இடுப்பில். சமைக்கும்போதும் அங்கேதான், உடுப்புக் காயப்போடும்போதும் அங்கேதான். பிளாஸ்டரை வெட்டி எடுத்து, இனி நடக்கலாம் என்று சொன்ன பிறகும் என் கை தன்பாட்டில் கீழே போய் அவளை அள்ளிக்கொள்ளும். பிசியோ என்னைத்தான் கண்டித்தார். நீங்கள் தூக்கித் தூக்கி வைத்திருந்தால் அந்தக் கால் எப்படிப் பலம் பிடிக்கும், விழட்டும், விழுந்து எழும்பட்டும் என்றார். விழட்டும் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு எப்படி வாய் வந்தது என்று கார் வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தேன். கணவர் கேட்டுக்கொண்டே கூட வந்தார்.

அந்த வாரம்தான் அவர் ஒரு பழைய கமராவைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். மாலை வகுப்பிலும் என் பெயரைப் பதிந்திருந்தார். கலியாண நாளும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. மனுசனுக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று பூரித்துப்போய், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்து பிசியோவிடம் போனபோது, மகள் கட்டிலில் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்க, நான் சுவரோரமாக நின்றேன். பிசியோ என்னைப் பார்த்துச் சிரித்து, பிள்ளை கட்டிலில் இருக்கிறாள், நீங்கள் இன்னும் அவளைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறீர்கள் என்றார். எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி. அதில் என் இடது இடுப்பு வெளியே தள்ளி, உடம்பு முழுக்க வலப்பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு நேர் என்பதே அதுதான். அந்த நேரை வைத்துத்தான் நான் கடலையும் அளந்திருக்கிறேன்.

கமராவின் உண்மைக் கதையை அன்று காரில் கணவர் ஒத்துக்கொண்டார்.

"உம்மட ரெண்டு கையும் கமராவில இருந்தா, பிள்ளையைத் தூக்க மாட்டீர் எண்டு நினைச்சன்."

"அப்ப எனக்கெண்டு வாங்கேல்லை?"

"ரெண்டு பேருக்கும்தான்."

எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் கூட. சும்மா சொன்னால் நான் பிள்ளையை இறக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் தக்கப்புனா கடற்கரையில் இருந்து மில்ஃபோர்ட் பக்கமாகக் கரையோரம் நடக்கப் போனோம். வகுப்பில் தந்த பயிற்சி, ஷட்டரைக் கொஞ்சநேரம் திறந்து வைத்து படத்தில் அலையைப் பால்போல ஆக்குவது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கறுத்த எரிமலைப் பாறைகளைத் தாண்டி, தண்ணீருக்குக் கிட்டே ஸ்டாண்டை ஊன்றினேன். கமராவில் ஒரு வயர் பூட்டியிருக்கும். அதன் நுனியை அமத்திப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்திருந்து வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருக்கும். ஐந்துவரை எண்ணிவிட்டு விடவேண்டும்.

அமத்தினேன். அப்போதுதான் பின்னால் மகளின் குரல் கேட்டது. "நோ ஹெல்பிங்!"

திரும்பிப் பார்த்தால், மணலில் அப்பாவின் கையை உதறிவிட்டுத் தனியாகப் பாறையில் ஏறிவிட்டாள். ஒரு காலை வீசி வீசி என்னை நோக்கி வந்தாள். பாறை ஈரம். பாதி வழியில் வழுக்கித் தொப்பென்று இருந்துவிட்டாள். உதடு நடுங்க என்னைப் பார்த்தாள்.

என் உடம்பு முழுக்க அவளிடம் ஓடிவிட்டது, கால் மட்டும்தான் மிச்சம். ஓடியிருப்பேன். மணலில் நின்ற கணவரைக் கண்டேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். அவருக்கு மட்டும் ஓடவேண்டும்போல் இல்லையா என்ன? அவர் நிற்கிறார் என்றால் நானும் நிற்கலாம் என்று நின்றேன்.

அவள் இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, பின்பக்கத்தை உயர்த்தி, மெல்ல எழும்பினாள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பிறகு வந்தாள். வந்து, ஈரக் கையால் என் காற்சட்டையைப் பிடித்தாள்.

"இஸ் இட் டன், அம்மா?"

என் பெருவிரல் இன்னும் வயரை அமத்திக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது குஞ்சு" என்று விரலை எடுத்தேன். அவளை அள்ளிக் கொஞ்ச உயிர் துடித்தது. தலையில் மட்டும் கை வைத்தேன். அழுதேன்தான். அவள் அலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

படம் கழுவிய கடைக்காரர், இந்த ஒன்றில் வெளிச்சம் அளவுக்கு மீறி ஏறிவிட்டது, அச்சடிக்க எதுவும் இல்லை என்றார். பரவாயில்லை, அடித்துத் தாருங்கள் என்று அடம்பிடித்து வாங்கினேன். வெறும் வெள்ளைத் தாள்.

அன்றிரவு குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த கணவர் அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"இதில என்னப்பா இருக்கு?"

"அவள் உங்களிட்ட இருந்து என்னட்டத் தனிய நடந்து வந்தாளே, அந்த நேரம் முழுக்க இதுக்குள்ள இருக்கு."

நக்கல் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, விரல் படாமல் ஓரத்தில் பிடித்து, திரும்பவும் பார்த்தார்.