அக்காவின் முயல்களும் நம் வாசல் வெடியும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். எல்லாமே நல்ல வார்த்தையாக இருக்காது.

அக்கா பிறந்தது ஒரத்தநாட்டுக்கு அருகே, நெல் தவிர வேறு பேச்சில்லாத எங்கள் வீட்டில். வாழ்க்கைப்பட்டது பேராவூரணிப் பக்கம். புயலில் தென்னந்தோப்பு சாய்ந்தது. அடுத்த வருடமே அத்தானும் போய்ச் சேர்ந்தார். பிள்ளையில்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர், யார் கையையும் எதிர்பார்க்காமல் ஒயிட் ஜெயண்ட் என்ற பெரிய ரக வெள்ளை முயல் வளர்க்கத் தொடங்கினார்.

"நீ புடிச்ச முயலுக்கு மூணே காலுதான்" என்று எங்கள் பெரிய மாமா வரும்போதெல்லாம் சிரிப்பார்.

"நாலும் இருக்கு மாமா. நாலும் புண்ணில்லாம இருக்கு, வந்து பாருங்க" என்பார் அக்கா.

சும்மா சொல்லவில்லை. பெரிய ரகத்துக்கு உடம்பு கனம். வெறும் கம்பிவலையில் நின்றால் பாதம் புண்ணாகும் என்று கூண்டுக்கு ஒரு பலகை போட்டிருந்தார். அறுத்த வேலிமசால் தழையை ஈரம் போக நிழலில் வாட்டித்தான் வைப்பார். கத்திரி வெயிலில் கீற்றுக் கொட்டகையைச் சுற்றி நனைத்த சாக்கு தொங்கும். பாசமாகச் சோறு அள்ளி வருகிறவர்களை, "வயிறு உப்பி முயலு செத்துப்போயிரும், வேணாம்" என்று தடுத்துவிடுவார்.

முயலுக்குச் சத்தம் ஆகாது. மிரண்டு துள்ளினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். தீபாவளிக்குக்கூட எங்கள் வாசலில் வெடி கிடையாது. ஆஸ்பத்திரியில் அக்கா கடைசியாகக் கேட்டதும் அதுதான்: "தம்பி, நா போனா வாசல்ல வெடி போட வுட்றாதடா. நாலு சினையா நிக்குது."

போட்டார்கள். "வெடி இல்லாம எடுக்க இது என்ன நாதியத்த பொணமா? ஊரு காறித் துப்பாது?" என்றார் மாமா. கொட்டகைக்குப் பத்தடியில் சரத்தை விரித்தார்கள். அக்காவுக்கு மரியாதையாம்! உயிரோடிருந்தவர் சொல்லுக்கு இல்லாத மரியாதை, பிணத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

சுடுகாட்டிலிருந்து திரும்பினோம். சினை முயல் இரண்டு செத்துக் கிடந்தன. ஒன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு பலகைக்கு ஏறப் பார்த்தது. முன்பே ஈன்றிருந்த ஒன்றின் பெட்டியில் இருந்த குட்டிகளெல்லாம் தாயின் காலிலேயே மிதிபட்டிருந்தன. பக்கத்து வீட்டுச் செல்வி கையில் சாக்கோடு அழுதுகொண்டு நின்றாள். "கூண்டையெல்லாம் மூடிட்டேண்ணே. சத்தத்த எதப் போட்டுண்ணே மூடுறது?" என்றாள்.

நன்றி செல்விக்கு. மிஞ்சியவற்றுக்கு இன்றுவரை தீனி வைப்பது அவள்தான். அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும் நன்றி.

மாமாவும் இதைப் படிப்பார். படிக்கட்டும். ஆனால் ஒன்றை மறைத்தால் நான் மனிதனில்லை. திரி கிள்ளிய பிறகு மாமா என்னிடம் வந்தார். "என்னடா, கொள்ளி வைக்கிறவன் நீதான். பத்தவைக்கட்டுமா?" என்று கேட்டார். நான் கூடியிருந்த ஊரைப் பார்த்தேன். சரியென்று தலையாட்டினேன்.