பிலிபஸ்டருக்கு நான் சொன்ன விளக்கம்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் ஆட்கள் மரக்கறி வாங்கும் கடையை எழுப்பியவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன். இரண்டு தங்கச்சிமாரையும் தம்பியையும் இங்கே கூப்பிட்டு, தம்பியைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு முதல் கதிரைகளை என் கடை வான் வண்டியில் ஏற்றி இறக்கியதும் நான்தான். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

தம்பி இப்போது தமிழ் வானொலியில் அமெரிக்க அரசியல் பேசுகிறவன். அவன் சொல்லும் சொற்கள் எங்கள் சனத்துக்குப் பிடிபடாது. ஞாயிறு மத்தியானம் சாப்பிட வந்தால், இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று என்னைத்தான் கேட்பான். எந்தக் கட்சிக்கும் நிரந்தரமாகச் சாயாத ஸ்விங் ஸ்டேட் என்றால், பழைய மாணவர் சங்கத் தேர்தலில் இரண்டு அணியும் வாக்குக் கேட்டுப் பலகாரத்தோடு வீட்டுப் படியேறும் ரெய்னர்ஸ் லேன் குடும்பங்கள் என்றேன். தோற்ற பிறகும் மிச்ச நாளைப் பதவியில் ஓட்டும் லேம் டக் என்றால், கோயில் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை இன்னும் இடுப்பில் செருகியிருக்கும் பழைய தலைவர் என்றேன்.

ஒருநாள் பிலிபஸ்டர் என்றான். அமெரிக்க செனட்டில் வாக்கெடுப்பைத் தடுக்க ஒருவர் எழும்பிப் பேசிக்கொண்டே இருப்பதாம்.

"உனக்காக நான் செய்தது அதுதானேடா," என்றேன்.

உண்மை. அவன் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடச் செயலாளராக இருந்தபோது, பொதுக்கூட்டத்தில் அவனை நீக்கக் கையுயர்த்த ஆட்களைத் திரட்டி வந்திருந்தார்கள். கோலியர்ஸ் வுட்டில் வாடகை மண்டபம். ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். கூரை ஒழுக்கு, பிள்ளைகளின் தேத்தண்ணி, வடைக்கு எந்த எண்ணெய் என்று பேசினேன். கதிரையில் இருக்கச் சொல்லிக் கத்தினார்கள். இருக்கவில்லை. மண்டபக்காரன் லைட்டை அணைத்த பிறகும் பேசினேன். வாக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் தம்பியின் பக்கம் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பதவி தப்பியது. அந்தப் பதவியைப் பார்த்துத்தான் வானொலிக்காரர் அவனைத் தேடி வந்தார்கள்.

போன மாதம் அந்தச் சொற்களையெல்லாம் என் விளக்கங்களோடு புத்தகமாக வெளியிட்டான். புதுக் கோட்டோடு முன்வரிசையில் இருந்தேன். பிலிபஸ்டர் பக்கத்தை அவனே வாசித்தான். லண்டன் தமிழ்ச் சங்கமொன்றில் படிப்பறிவில்லாத கடைக்காரர் ஒருவர், என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் விளக்கு அணையும்வரை பேசினாராம். மண்டபம் சிரித்தது.

"ஆர் அந்த விசரன்?" என்று பக்கத்திலிருந்தவர் என் தொடையில் தட்டிக் கேட்டார்.

நானும் சிரித்துவைத்தேன். நன்றியுரையில் பேராசிரியர் வந்தார், அச்சகக்காரர் வந்தார், மைக் பூட்டியவர்கூட வந்தார். நான் வரவில்லை.

ஏன் அப்படி எழுதினாய் என்று வாசலில் வைத்துத் தம்பியைக் கேட்டேன்.

"பகிடிக்குத்தானே அண்ணை எழுதினது. உங்கட பேரைப் போட்டா உங்களுக்குத்தான் வெக்கம்."

"எனக்கோ, உனக்கோ?"

கையெழுத்து வாங்க நின்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டான்.

அதன்பிறகு ஞாயிறுகளில் அவன் வருவதில்லை. என் மனுசி அவனுக்கென்று நண்டு வாங்குவதை விட்டுவிட்டாள். கடையில் யாராவது அந்த வானொலியைப் போட்டால் பின்னறைக்குப் போய்ப் பெட்டிகளை அடுக்குகிறேன், அடுக்கியதையே திரும்பவும்.

தம்பி, இதை நீ வாசிப்பாய். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்து. என்ன பேசுகிறேன் என்று தெரிந்துதான் பேசினேன். கடைக்காரர் என்ற இடத்தில் என் அண்ணன் என்று போடு. எனக்காகப் பேசினார் என்று போடு. இந்த விளக்கங்கள் அவர் சொன்னவை என்று முதல் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற எழுத்தில் போடு.