சட்டையைக் கழற்றாத மாப்பிள்ளை

தென்காசியில் பிறந்துவிட்டு அருவியில் குளிக்க மாட்டேன் என்பவனை எங்கள் ஊர் சும்மா விடாது. முன்பின் தெரியாதவனின் முழங்கை விலாவில் இடிக்க, எண்ணெய் வழியும் இன்னொருவன் முதுகில் மூக்கு உரச நின்றுகொண்டு, அதைச் சொர்க்கம் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

வாசுதேவநல்லூரில் பெண் பார்த்தார்கள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. பேசி முடிக்கும் முன் அவளுடைய அப்பா, சாரல் நன்றாக அடிக்கிறது, குற்றாலத்தில் ஒரு குளியல் போடுவோமே என்றார். இது வெறும் குளியல் இல்லை. மாப்பிள்ளை உடம்பில் தழும்போ வெண்புள்ளியோ இருக்கிறதா என்று செலவில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்கேன் சென்டர். நான் கரையில் உட்கார்ந்து அவர்களுடைய வேட்டிகளையும் செல்போன்களையும் காத்தேன்.

மறுநாளே எனக்கு உடம்பெல்லாம் வெண்புள்ளி என்று பேச்சு கிளம்பியது. ஒரு நிமிடம் சட்டையைக் கழற்றிக் காட்டிவிடேன் என்று அம்மா அழுதாள். நான் என்ன சந்தைக்கு வந்த மாடா என்று கத்தினேன். ஊரே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று திரிந்ததில் எனக்கு ஒரு சுகம் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வாரமே அவள் போனில் கூப்பிட்டாள். அப்பா இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்கிறார், உண்மையிலேயே புள்ளி இருக்கிறதா என்று கேட்டாள். அது யாருக்கும் தேவையில்லாத விஷயம் என்று எகிறினேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு முதுகுல இருக்கு. வீட்டுல மறைச்சிட்டாங்க. உங்களுக்கும் இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன்."

மகள் முதுகை மறைத்து வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் என் முதுகைப் பார்க்க வந்திருக்கிறார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெட்கமாக இருந்தது. சட்டைக்குள் ஒன்றும் இல்லாத நான் ஊரை எதிர்த்து என்ன கிழித்துவிட்டேன்?

"எனக்கு இல்ல. ஆனா இருக்குன்னுதான ஊரு சொல்லுது. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அவள் வீட்டில் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினாள். கல்யாணத்தன்று எங்களுக்குத் திருநீறு பூச வந்த ஓர் ஆச்சி, இப்படிப்பட்டவனைத் தெரிந்தே கட்டிக்கொள்ளும் மனசு யாருக்கு வரும் என்று என் காது படவே அவளைப் பாராட்டினாள். மணப்பெண்ணின் கை முந்தானையை இழுத்து முதுகை மூடியது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமா ஆச்சி, எனக்கு வாழ்க்கை குடுத்திருக்கா."