விடுதிக்குப் போகச் சொன்ன மதினி

நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆனையூரிலிருந்து அண்ணன் போனில் பேசினார். "உங்க மதினி போயிட்டாடா" என்றார்.

முத்துலட்சுமி மதினியை ஆனையூரில் அறியாதவர்கள் குறைவு. ஆனால் எங்கள் சொந்தத்தில் பலருக்கு அவரைப் பற்றி ஒரு பழைய எண்ணம் உண்டு. வாழ வந்த வருஷமே கொழுந்தனை வீட்டைவிட்டு விரட்டியவர் என்று. அந்தக் கொழுந்தன் நான்தான். அப்படி நினைத்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மதுரையில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர், விவசாயக் குடும்பம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அண்ணன் அப்போதுதான் கல்யாணம் முடித்து, மதுரையை ஒட்டிய ஆனையூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் குடியேறியிருந்தார். "அண்ணன் வீடு இருக்கையில ஹாஸ்டல் எதுக்கு?" என்றார் அப்பா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் கல்லூரி.

ஊரில் செய்தி பரவியது. இடுப்புவலி, கண்புரை, ஆறாத புண் என்று ஆளுக்கொரு நோயோடு ஆனையூருக்குப் பஸ் ஏறினார்கள். ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டே பார்க்காத என்னை "டாக்டர் தம்பி" என்றார்கள். காலையில் அவர்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்று சீட்டு வாங்குவேன். அதற்குள் உடற்கூறு வகுப்பு முடிந்திருக்கும். வீடு திரும்பினால் புத்தகத்தை விரிக்க இடமிருக்காது. முதல் தேர்விலேயே தோற்றேன். யாரிடமும் சொல்லவில்லை. மதினி மட்டும் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெயிலா தம்பி?" என்று கேட்டார். ஆமென்றேன்.

மறுதேர்வுக்கு முந்தின நாள் அப்பா வந்தார். கூடவே குடலிறக்கத்தோடு ஊர்க்காரர் ஒருவர். எனக்கு மாமா முறை.

"நாளைக்கு இவர டாக்டர்ட்ட காமிச்சிருப்பா" என்றார் அப்பா.

நான் வாய் திறப்பதற்குள் மதினி அடுப்படி வாசலில் வந்து நின்றார். "மாமா, தம்பிய ஹாஸ்டல்ல சேத்து விட்ருங்க. இங்க வேணாம்" என்றார் அப்பாவிடம்.

"ஏம்மா, ஒரு ஆளுக்குக் கூடச் சோறு பொங்குறது சிரமமா இருக்கா?"

மதினி தயங்கவே இல்லை. "ஆமா மாமா. என்னால முடியல."

அப்பா சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அண்ணன் மதினியை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு நான் அடுப்படிக்குப் போய், "ஏன் மதினி இப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க? வர்றவுகளால உங்க படிப்பு கெடுதுன்னு சொன்னா, அந்த மனுசன் வலியோட உக்காந்திருக்காரு, அவரு மனசு என்னாகும்? உங்கப்பாவும் நாளைக்கு ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க வேணாமா? என்னைய வைதா வைதுட்டுப் போறாக" என்றார். "நீங்க போயிப் படிங்க. நாளைக்கு அவர நான் கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் நான் தேர்வெழுதினேன்; மதினி வரிசையில் நின்றார். அந்த மாமாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்வரை கஞ்சி கொண்டுபோனதும் அவர்தான். அந்த மாமாவே ஊருக்குப் போய் மதினியைக் குறை சொன்னார்.

விடுதியில் சேர்ந்தேன். அங்கேயும் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் படிக்க முடிந்தது. அந்த வருஷம் தேறினேன். ஊருக்குப் போனபோது அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்து அனுப்பிருக்கா" என்றார் அம்மா. எத்தனை முறை சொன்னாலும் எடுபடவில்லை. ஊரிலிருந்து நோயாளிகள் வருவதும் நிற்கவில்லை. எல்லோருக்கும் மதினியே துணைக்குப் போனார்.

பல ஆண்டுகள் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். டாக்டரான என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். "வேணாம்ப்பா, ஆனையூருக்கே போறேன். மருமக பாத்துக்கிரும்" என்றார். அந்த வீட்டில்தான் அப்பாவின் உயிர் பிரிந்தது.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவர் மகளோடு வந்தார். அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. என் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்றார். அந்தப் பெண் தலை குனிந்து நின்ற விதத்திலேயே அவளுக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்தது. எங்களுக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டேன். அவர் காப்பியைத் தொடாமலே எழுந்து போனார். மனசு கேட்காமல் மதினிக்குப் போன் செய்தேன்.

மதினி வெகுநேரம் சிரித்தார். "இதுக்கே வருத்தப்பட்டா எப்படி தம்பி? இன்னும் கல்யாண வீடு, காதுகுத்துன்னு போற எடமெல்லாம் வைவாக. பழகிரும்."

ஒருவருக்கு நல்லது செய்துவிட்டு, அவர் வாயால் கெட்ட பேரையும் வாங்கிக்கொள்கிற துணிவு மதினியுடையது. அதில் கொஞ்சம் எனக்கும் வாய்த்திருக்கிறது. அந்தப் பெண் விடுதியில் தங்கி நன்றாகப் படிக்கிறாளாம். அவளுடைய அப்பா என்னோடு இன்னும் பேசவில்லை.