கூப்பிடு தூரம்

போன தை மாதம், பொங்கல் விடுமுறையில் நடந்தது. கொல்லிமலையில், செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாற்றல் வந்தபோது உறவுக்காரர்கள் எல்லாம், தண்ணியில்லாக் காட்டுக்கு அடித்துவிட்டார்களே என்று பரிதாபப்பட்டார்கள். வந்து பார்த்தால் காதெல்லாம் தண்ணீர்ச் சத்தம். அரியூர் நாட்டுப் பக்கம் வேலையாகப் போகும்போதெல்லாம் ஒரு கிடுகிடு பள்ளத்தின் அடியிலிருந்து அது கேட்கும். எட்டிப் பார்த்தால் மரங்கள்தான் தெரியும். ஒன்றைப் பார்க்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கணவருக்குத் திருப்பூரில் வேலை. விடுமுறைக்கு வந்தவரைக் கிளப்பிக்கொண்டு போனேன். பள்ளத்தின் விளிம்பில் ஓர் அக்கா மூங்கில் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். ஓடை எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"கூப்புடு தூரந்தானுங்க. பார்த்து எறங்குங்க" என்றார்.

கூப்பிடு தூரம் என்றால் எங்கள் ஊரில் தெருமுனைப் பெட்டிக்கடை. அந்த நினைப்பில் ஒரு பாட்டில் தண்ணீரோடு இறங்கினோம். காப்பிச் செடிகள் முடிந்து பலா மரங்கள் வந்தன. அதுவும் முடிந்து வெறும் பாறையும் வேருமாக ஆனது. சத்தம் மட்டும் அடுத்த திருப்பத்தில் இருப்பது போலவே கேட்டது. திருப்பம் வந்தால் இன்னொரு திருப்பம். "உங்க பெட்டிக்கடை இன்னும் வரலையே" என்று அவர் கிண்டல் செய்தார். திரும்பிவிடலாம் என்று இருவருமே சொல்லவில்லை.

கடைசியில் ஓடை வந்தது. காலை வைத்ததும் பொடி மீன்கள் வந்து கடித்தன. சின்னப் பிள்ளைகளாட்டம் சிரித்தோம்.

ஏறும்போதுதான் வினை. பாதி வழியில் அவருக்கு முழங்கால் பிசகி, உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கி, வந்த தடத்தை விழுங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. அவரை விட்டுவிட்டு ஏறவும் பயம், அங்கேயே இருட்டிவிடுமோ என்றும் பயம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அதை நம்பி அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்: "அக்கா..."

மறுபடியும் கத்தினேன். பிறகு மேலேயிருந்து, பக்கத்தில் நின்று பேசுவது போல அத்தனை தெளிவாக வந்தது பதில்: "அங்கயே உக்காருங்க சாமி, வாரோம்."

வர வெகுநேரம் ஆனது. நடுநடுவே அக்கா குரல் கொடுப்பார், நானும் கொடுப்பேன். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்து, என் கணவரை இரண்டு பக்கமும் தாங்கி மேலே ஏற்றினார்கள். பறிப்பு மதியமே முடிந்துவிட்டதாம். இறங்கியவர்கள் ஏறவில்லையே என்று இருவரும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்திருக்கிறார்கள்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் குணம், கேள்விதான் வந்தது: "கூப்பிடு தூரம்னு சொன்னீங்களேக்கா, இவ்வளவு தூரமா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க கூப்புட்டது கேட்டுச்சல்லங்க?"

இப்போதும் கணவர் திருப்பூரில், நான் மலையில். உங்களுக்குள் எவ்வளவு தூரம் என்று யாராவது பரிதாபமாகக் கேட்டால், கூப்பிடு தூரம்தான் என்கிறேன். கூப்பிட்ட குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு ஒருவர் இருக்கிறவரை அது பொய்யில்லை என்று அந்தப் பள்ளத்தில்தான் தெரிந்துகொண்டேன்.