பாதி ஒப்பாரி

தனலக்ஷ்மி கோலார் தங்கவயல் சுரங்கக் குடும்பத்துப் பெண். பெங்களூரை ஒட்டிய எங்கள் சந்தாபுராவில் எந்தச் சாவு வீட்டிலும் அவள் வாயைத் திறந்தால் கல்நெஞ்சக்காரனும் கரைந்துபோவான். எங்கள் ஒப்பாரியில் வெறும் அழுகை மட்டும் இருக்காது. செத்தவருக்கு யார் என்ன குறை வைத்தார்கள் என்பதும் வரும். எதிரில் மாமியாரே உட்கார்ந்திருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் புருஷனை அழக் கொடுத்துவைக்கவில்லை. குணசேகர் என் தம்பி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி. கொரோனாவின் இரண்டாம் அலையில் அத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொள்ள, அவன் மட்டும் கேட்டில் நின்றான். அவனுக்கு மூச்சு திணறியபோது மாடியில் கிளப் ஹவுஸில் ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் இருந்தன. குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று கையை விரித்தார்கள். செத்தவனை ஆஸ்பத்திரிக்காரர்கள் பிளாஸ்டிக்கில் சுற்றி, முகத்தைக்கூடக் காட்டாமல் எரித்தார்கள்.

அதே இடத்துக்குத்தான் தனம் சமையல் வேலைக்குப் போனாள். வேறு போக்கிடம்? அவள் சமைத்த வீட்டு ஸ்ரீரஞ்சனி கவிதை எழுதுகிறவள், வாய் நிறைய அக்கா என்பாள். இந்த வருடம் அந்த நாட்களை நினைத்துக் கவிதையும் ஓவியமுமாக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தாள்.

“நாம எல்லாரும் பட்ட பயத்தைச் சொல்லணும்கா. நீங்க பாடுங்க.”

“நான் பாடுனா உங்காளுங்களுக்குக் கசக்கும் மேடம்.”

“கசக்கட்டும். ஒரு வார்த்தைகூட மாத்த மாட்டேன், ப்ராமிஸ்.”

தனம் பாடினாள். போனில் பதிவு செய்துகொண்டே ஸ்ரீரஞ்சனி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். “இன்னிக்குத்தான் அவரை அனுப்பி வச்ச மாதிரி இருக்கு அண்ணி,” என்றாள் தனம் என்னிடம்.

கூட்டத்துக்கு நானும் போனேன். நடந்தது அதே கிளப் ஹவுஸில். சுவரெல்லாம் ஓவியங்கள்: மூடிய கதவுகள், புகை, முகக்கவசங்கள். விளக்கை அணைத்துவிட்டுத் தனத்தின் குரலை ஒலிக்கவிட்டார்கள்.

ஊரு சனம் கதவடைக்க – என் ராசா
ஒத்தையில கேட்டுல நின்னியே

அடுத்த வரிக்காகத் தனம் என் கையை இறுக்கிப் பிடித்தாள். வயலின் வந்தது! அவ்வளவுதான், முடிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்ரீரஞ்சனி பொன்னாடையோடு வந்து அவளுக்குப் போர்த்தினாள்.

“மீதி எங்க மேடம்?”

“அது யாரையோ குத்தற மாதிரி இருக்குன்னு கமிட்டில சொன்னாங்கக்கா. இது எல்லாரோட பயமும்தானே? அதான் நானே எடுத்துட்டேன்.”

“என்னைக் கட்டிக்கினு அழுதீங்களே மேடம்.”

தனம் பொன்னாடையை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். எங்கள் பக்கம் செத்தவர் மேல் உறவுக்காரர்கள் புதுத்துணி போர்த்துவார்கள். என் தம்பிக்கு அதுவும் இல்லை. கேட்டில் காவலாளியின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன்மேல் பொன்னாடையைப் போர்த்தி, மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்.

மாடியில சிலிண்டர் நிக்க – என் ராசா
மூச்சு கேட்டு நீ விழுந்தியே

நான் அவள் தோளைக் கட்டிக்கொண்டு பின்பாட்டு பாடினேன். பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஸ்ரீரஞ்சனி ஓடிவந்தாள்.

“அக்கா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும் மேடம். அன்னிக்குத்தான் ஒருத்தரும் பாக்கல,” என்றுவிட்டு, தனம் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.